பொடுகா... முடி உதிர்வா? தைல பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க! - ராயபுரம் டு எண்ணூர் கூந்தல் கைடு

காலையில் அவசர அவசரமா கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டிக்கிட்டு கிளம்புறீங்க. ஹெல்மெட்டைக் கழற்றினதும் தோள் முழுக்க வெள்ளை வெள்ளையா மாவு தூவின மாதிரி இருக்கு. குளிச்சு முடிச்சா பாத்ரூம் ஜாலியில் ஒரு கொத்து முடி. அம்மாகிட்ட சொன்னா, "தலை காஞ்சு கிடக்கு, எண்ணெய் வைடா"ன்னு ஒரே பதில். ஃப்ரெண்டுகிட்ட சொன்னா, "உப்புத் தண்ணிதான் மச்சி காரணம்"னு ஒரே தீர்ப்பு. போனைத் திறந்தா ரீல்ஸ்ல ஒருத்தர், "21 நாள்ல முடி வளரும்"னு பாட்டிலை நீட்டுறார்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு இந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இது பழகிப்போன கதை. கடல் காத்து, கன்டெய்னர் லாரி கிளப்புற தூசி, போர் தண்ணி, எட்டு மணி நேரம் ஹெல்மெட்... எல்லாமே தலைமேலதான்.

ஆனா பொடுகும் முடி உதிர்வும் ஒரே பிரச்னை கிடையாது. முடி உதிர்விலேயே பல வகை இருக்கு. எது உங்களோடதுன்னு தெரியாம தைலத்தை வாங்கினா காசும் போகும், மாசமும் போகும். சிலருக்கு ரத்தசோகை, தைராய்டு போன்ற அசல் காரணம் கண்டுபிடிக்கப்படாமலே தள்ளிப்போகும். ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் இதில் எங்கே உதவும், எங்கே உதவாது... ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், வாங்க.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஒரு முடி சில வருடங்கள் வளர்ந்து, பிறகு இரண்டு, மூன்று மாதம் ஓய்வெடுத்து, அதன்பின் விழும். அதே வேரிலிருந்து புது முடி கிளம்பும். மாதத்துக்கு சுமார் 1 செ.மீ-தான் வளரும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிக்கிறவங்களுக்கு, குளிக்கும் நாளில் கூடுதலாகக் கொட்டுவதுபோலத் தெரியும். இரண்டு நாள் பாக்கி ஒரே நாளில் வருது, அவ்வளவுதான். வகிடு அகலமாகுது, ஜடை மெலிசாகுது, நெற்றி ஓரம் ஏறுது, தலையணையில் தினமும் கொத்தாக முடி கிடக்குது... இப்படி இருந்தால்தான் கவனிக்கணும்.

கொட்டுதா, உடையுதா?

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்க. ஒரு முனையில் சின்னதா வெள்ளைக் குமிழ் இருந்தால், அது வேரிலிருந்து வந்த முடி. குமிழே இல்லாமல், துண்டு துண்டாக, நீளம் குறைவாக இருந்தால் அது நடுவில் உடைந்த முடி.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். உடையும் முடிக்கு எண்ணெய், மென்மையான சீயக்காய், நல்ல தண்ணீர் போன்ற வெளிப் பராமரிப்பு நன்றாகவே கைகொடுக்கும். வேரோடு வரும் முடிக்கான காரணம் பெரும்பாலும் உடம்புக்குள்ளே இருக்கும். அதற்கு தலையில் மட்டும் எதையாவது தடவி பலனில்லை.

உப்புத் தண்ணி மேல பழி போடலாமா?

பாதி போடலாம். இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 மி.கி. வரை அனுமதி. கடற்கரையோர போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், உப்பு எல்லாமே தூக்கலாக இருக்கும். சோப்பு நுரைக்காமல் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியுதே, அதே படிவுதான் முடியிலும் ஒட்டுது. முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, சீவும்போது உடையுது. ஆனா வேரைச் சாகடிக்கும் சக்தி உப்புத் தண்ணிக்கு இல்லை. நெற்றி ஏறி வழுக்கை விழுவதற்கு போர் தண்ணீர் காரணம் கிடையாது.

செலவில்லாத ஒரு வழி இருக்கு. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனில் வடசென்னைக்காகவே அமைக்கப்பட்டது. வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் வருதுன்னா, தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசியாக அலச மட்டும் ஒரு பக்கெட் எடுத்து வையுங்க. முழுக் குளியலும் அதில் வேண்டாம், கடைசி அலசல் போதும். இன்னொரு விஷயம்... ஆர்.ஓ மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணீரைத் தலைக்கு ஊத்தாதீங்க. வடிகட்டின உப்பெல்லாம் அதில்தான் இருக்கு.

தூசி, ஹெல்மெட், சும்மாடு

காற்றில் இருக்கும் நுண்துகள்கள் முடி வளர்ச்சிக்கான புரதங்களின் அளவைக் குறைப்பதாக 2019-ல் தென் கொரிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். அது ஆய்வகத்தில் வளர்த்த தலைத்தோல் செல்களில் பார்த்தது. "எண்ணூர் காத்து வழுக்கை ஆக்கிடும்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால், எண்ணெய் வைத்த தலையில் தூசியும் சாம்பலும் வேகமாக ஒட்டும், வியர்வையோடு சேர்ந்து அரிப்பெடுக்கும் என்பது நாமே தினமும் பார்க்கிறது. அதனால வேலைக்குக் கிளம்பும்போது எண்ணெய் வேண்டாம்.

ஹெல்மெட் போட்டால் வழுக்கை விழும் என்பதும் கட்டுக்கதை. பிரச்னை அதன் உள்ளே ஈரமாகவே இருக்கும் பஞ்சு. ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டாதீங்க. உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டுங்க, தினமும் துவைங்க. உள் பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை அலசிக் காய வையுங்க. ஹார்பர்லயும் கம்பெனிகள்லயும் ஒரு ஷிஃப்ட் ஆள் போட்ட ஹெல்மெட்டை அடுத்த ஷிஃப்ட் ஆள் போடுறது உண்டு. தலைப் படை, பேன் எல்லாம் பரவ அது சுலபமான வழி. உங்களுக்குன்னு ஒரு துணித் தொப்பியாவது வெச்சுக்குங்க.

காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் அக்காக்களுக்கும் இதே விதிதான். சும்மாடு துணியை தினமும் துவைத்து வெயிலில் காய வைக்கணும். ஈரக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போடக் கூடாது. தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் நெற்றி ஓர முடி மெல்ல மெல்லக் குறையும். கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போகலாம். போனிடெயில் போடுற காலேஜ் பொண்ணுங்களும் இதைக் குறிச்சுக்குங்க.

பொடுகுன்னா என்ன? எண்ணெய் வெச்சா ஏன் சிலருக்கு அதிகமாகுது?

நம் எல்லார் தலையிலும் மலாசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கு. தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்தான் அதன் சாப்பாடு. அந்த எண்ணெயை அது உடைக்கும்போது வெளியாகும் கொழுப்பு அமிலங்கள், சிலரின் தோலை எரிச்சலூட்டும். தோல் வேகவேகமாகச் செதில்களை உதிர்க்கும். அதுதான் பொடுகு. இது அழுக்கால் வருவதில்லை, ஒரு முறை சிகிச்சை எடுத்தால் நிரந்தரமாகப் போய்விடுவதும் இல்லை. கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம்.

இப்போ அம்மா சொன்ன வைத்தியத்துக்கு வருவோம். உங்க தலையில் இருக்கிறது இந்த மூன்றில் எது?

* சின்னச் சின்ன உலர்ந்த துகள்: தலை இறுக்கமா, வறட்சியா இருக்கு. கடினமான ஷாம்பு, உப்புத் தண்ணி, பனிக்காலத்தில் அதிகமாகுது. இது வெறும் வறட்சி. இதுக்கு எண்ணெய் நல்லது. அம்மா சொன்னது சரி.

* மஞ்சள் கலந்த, பிசுபிசுப்பான செதில்: அரிப்பு இருக்கு, குளிச்ச இரண்டே நாளில் திரும்ப வருது, புருவத்திலும் மூக்கோரத்திலும் தோல் உரியுது. இது அசல் பொடுகு. ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைத்தால், பூஞ்சைக்குக் கூடுதல் தீனி போட்ட கதைதான்.

* தடிப்பாக, வெள்ளி நிறத்தில் அடுக்கடுக்கான செதில்: முடிக்கோட்டைத் தாண்டி நெற்றியிலோ காதுக்குப் பின்னாலோ, முழங்கையிலோ இருக்கு. இது சொரியாசிஸாக இருக்கலாம். வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரைப் பாருங்க.

இரண்டாவது வகைக்கு நிரூபிக்கப்பட்ட வழி, கீட்டோகோனசோல் 2 சதவிகித ஷாம்பு. வாரம் இரண்டு முறை, தலைத்தோலில் படும்படி தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலசணும். பலரும் தடவின உடனே கழுவிடுறாங்க, அப்புறம் "வேலை செய்யல"ன்னு சொல்றாங்க. இரண்டு முதல் நான்கு வாரம் பயன்படுத்திவிட்டு, பிறகு வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போதும். ஜிங்க் பைரித்தியான், செலினியம் சல்ஃபைடு ஷாம்புகளும் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்தணும்.

ஆயுர்வேதமும் சித்தாவும் என்ன சொல்கின்றன?

ஆயுர்வேத நூல்கள் பொடுகை 'தாருணகம்' என்கின்றன. தலைத்தோல் கடினமாகி, அரித்து, வறண்டு, வெடிக்கும் நிலை. கபமும் வாதமும் கெடுவது காரணம் என்பது அவற்றின் விளக்கம். முடி உதிர்வு, 'காலித்யம்'. சுஸ்ருத சம்ஹிதை இதற்குச் சொல்லும் விளக்கம் சுவாரஸ்யமானது. பித்தம் வாதத்தோடு சேர்ந்து முடி வேரை அடைந்து முடியை விழச் செய்கிறது, பிறகு கபமும் ரத்தமும் அந்தத் துவாரத்தை அடைத்து புது முடி வராமல் தடுக்கிறது. திட்டுத் திட்டாக முடி கொட்டுவதை 'இந்திரலுப்தம்' என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். நம்ம ஊர்ல அதுக்குப் பேர் புழுவெட்டு.

பாருங்க, பழைய வைத்தியமே எல்லா முடி உதிர்வையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஆள் யார், என்ன வகை, என்ன உடல்வாகு என்று பார்த்துதான் மருந்து. 'எல்லாருக்கும் ஒரே பாட்டில்' என்பது விளம்பரம் கண்டுபிடித்த ஐடியா.

எந்த மூலிகை எதுக்கு?

பொடுதலை: பேரிலேயே பொடுகு இருக்கும் இந்தச் செடி, சித்த மருத்துவத்தில் பொடுகுக்கான முதன்மை மூலிகை. இலையை இடித்துச் சாறெடுத்து, சம அளவு நல்லெண்ணெயில் சேர்த்து, சிறு தீயில் நீர் வற்றிச் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடிகட்டுவார்கள். ஈரமான தரையில் தானாகவே படர்ந்து வளரும். ஆனா ஒரு எச்சரிக்கை. எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலை ஆற்றோரம், எக்ஸ்பிரஸ் சாலை ஓரத்திலெல்லாம் பறிக்காதீங்க. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் படியும் மண் அது. தொட்டியில் வளர்க்கலாம், இல்லைன்னா தயாரித்த பொடுதலைத் தைலத்தை வாங்கிக்கலாம்.

கரிசலாங்கண்ணி: ஆயுர்வேதத்தில் பிருங்கராஜம். நீலிபிருங்காதி தைலத்தில் அவுரியோடு சேரும் முக்கியச் சரக்கு இது. எலிகளில் செய்த ஆய்வுகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியிருக்கிறது. மனிதர்களிடம் அதே அளவுக்கு உறுதியான ஆய்வுகள் இல்லை. வறண்டு உடையும் முடிக்கும், தலை மசாஜுக்கும் நல்ல எண்ணெய். பரம்பரை வழுக்கையைத் திருப்பிவிடும் என்று நம்பி வாங்காதீங்க.

ஊமத்தை: துர்தூரபத்ராதி என்ற பெயரில் வரும் தைலம் பொடுகுக்காகத் தரப்படுகிறது. ஊமத்தை விஷச்செடி. வைத்தியர் சொன்னால் மட்டும், வெளிப்பூச்சுக்கு மட்டும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கணும். வீட்டில் காய்ச்சவே கூடாது.

சீயக்காய், அரப்பு: இரண்டிலும் இயற்கையாகவே நுரைக்கும் சபோனின் இருக்கு. குளியல் சோப்பு மாதிரி இது உப்புத் தண்ணீரில் திரிந்து படியாது. நம்ம ஏரியாவுக்கு அது பெரிய பிளஸ். வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த செம்பருத்தி சேர்த்து மில்லில் நைஸாக அரைத்து, வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்க்கலாம். துகள் தங்காமல் நன்றாக அலசணும். கண்ணில் பட்டால் எரியும்.

வெந்தயம்: இரண்டு டேபிள்ஸ்பூன் ராத்திரி ஊற வைத்து, காலையில் அரைத்து, 20 நிமிடம் பூசி அலசினால் முடி வழுவழுப்பாகும். சிக்கு குறையும், உடைவதும் குறையும். சைனஸ் தொந்தரவு உள்ளவங்க தவிர்க்கலாம்.

தேங்காய் எண்ணெய்: முடிக்குள் ஊடுருவி, புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் என்று 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. ஆய்வு செய்தவர்கள் ஒரு தேங்காய் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தினர் என்பதையும் சேர்த்துத் தெரிஞ்சுக்குங்க.

சின்ன வெங்காயச் சாறு: ரீல்ஸ்ல ஹிட். 2002-ல் ஈராக்கில் 38 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், வெங்காயச் சாறு பூசியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முடி வளர்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் எல்லாருக்கும் இருந்தது புழுவெட்டு. சாதாரண முடி உதிர்வுக்கு அந்த ஆய்வைக் காட்டுவது தப்பு.

எலுமிச்சை: தலையில் நேரடியாகத் தேய்ப்பதை விட்டுடுங்க. சொறிந்து புண்ணான தோலில் எரியும், வெயில் பட்டால் தோல் கறுக்கவும் செய்யும்.

எந்தத் தைலமாக இருந்தாலும் முதல்ல முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவி, ஒரு நாள் பாருங்க. சிவந்து அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

எண்ணெய்க் குளியல்... ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு எப்படி?

செதில் கட்டுப்பட்ட பிறகு, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல் எடுக்கலாம்.

1. இரண்டு, மூன்று ஸ்பூன் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்க. நேரடியாக அடுப்பில் வேண்டாம்.
2. நகம் படாமல், விரல் நுனியால் 5 நிமிடம் தேய்ங்க. பரபரவெனத் தேய்த்தால் முடிதான் அறுந்து வரும்.
3. 20 முதல் 30 நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊற வேண்டியதில்லை.
4. சீயக்காய், அரப்பு அல்லது மென்மையான ஷாம்பு போட்டு, இளஞ்சூடான நீரில் அலசுங்க. கடைசி அலசல் மெட்ரோ வாட்டரில்.
5. துண்டால் அடித்து உதறாம, ஒற்றி எடுங்க. பாதி காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுங்க.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பது வீட்டுப் பெரியவங்க சொல்ற விதி. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா தூங்கித்தானே ஆகணும்? அதனால எண்ணெய்க் குளியலை வாராந்திர லீவு நாளுக்குத் தள்ளி வையுங்க.

மூன்று மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுதுன்னா காலண்டரை இரண்டு, மூன்று மாதம் பின்னாடி திருப்புங்க. டெங்கு, டைஃபாய்டு, கொரோனா, ஆபரேஷன், பிரசவம், கிராஷ் டயட், வீட்டில் ஒரு இழப்பு... ஏதாவது இருந்ததா? உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய், இரண்டு, மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று, திரும்ப வளரும்.

இந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தடவினாலும் அது வேலை செய்ததுபோலத் தெரியும். "இந்தத் தைலம்தான் என் முடியைக் காப்பாத்துச்சு" என்று சொல்லும் பலரின் கதை இதுதான்.

தட்டுல என்ன இருக்கு?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இரும்புச்சத்து குறைந்தால் முடி உதிர்வது பெண்களிடம் அடிக்கடி பார்க்கிற விஷயம். மூச்சு வாங்குது, படி ஏறினா படபடப்பு, மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகம்னா, தைலத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் கேட்டுப் பாருங்க.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம்ம ஏரியா கொடுத்துவைத்தது. காசிமேட்டு நெத்திலி, கானாங்கெளுத்தி, மத்தி எல்லாம் விலையுயர்ந்த புரோட்டீன் பவுடரைவிட நல்ல புரதம். அதோடு முட்டை, முருங்கைக்கீரை, பயறு, தினம் ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட உடனே டீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் மாத்துங்க. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும்.

பயோட்டின் மாத்திரை சாப்பிடுறீங்களா? ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அது தைராய்டு, இதய நோய்ப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது.

'முடி வளரும்'னு சொல்ற பாட்டிலை எப்படிப் படிக்கிறது?

இந்திய மருந்து விதிகள் 1945-ல் 'ஜே' அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. எந்தெந்த நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்து உரிமை கோரக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி வளர்ச்சியும் இருக்கிறது. அடுத்த முறை 'வழுக்கையில் முடி முளைக்கும்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

ஷாம்பு விளம்பரங்களில் 'முடி உதிர்வைக் குறைக்கும்' என்று பெரிசா போட்டு, கீழே குட்டியூண்டு எழுத்தில் 'உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று போட்டிருப்பாங்க. ஜூம் பண்ணிப் பாருங்க. வேரோடு விழும் முடிக்கு அது பொருந்தாது.

ஆயுர்வேத, சித்த மருந்து வாங்கினா லேபிளில் நான்கு விஷயங்கள் பாருங்க. 'ஆயுர்வேத மருந்து' அல்லது 'சித்த மருந்து' என்ற குறிப்பு, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண்ணும் தேதியும், சேர்மானங்களின் பட்டியல். இதில்லாத, வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து வெறும் பாட்டிலில் வரும் எண்ணெய் வேண்டாம். தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும், 1944-ல் தொடங்கி திருவான்மியூரில் இயங்கும் கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸும் முறையாகத் தயாரிக்கும் இடங்கள்.

உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம், லேகியம், பற்பம் எதையும் நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க. சிலவற்றில் உலோகம் சேர்ந்திருக்கும். வைத்தியர் அளவு சொல்லித்தான் எடுக்கணும்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

* காசு அளவுக்கு வட்டமா, வழவழன்னு முடி கொட்டினா. இதுதான் புழுவெட்டு. இதில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. நம் நோய் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. பலருக்குத் தானாகவே வளரும். பரவினால் சீக்கிரம் சிகிச்சை வேணும்.
* குழந்தையின் தலையில் செதிலோடு திட்டு இருந்தா. அது படையாக இருக்கலாம். உள்ளுக்குச் சாப்பிடும் பூஞ்சை மருந்துதான் தீர்வு, எண்ணெய்க்குக் கேட்காது.
* தலையில் சீழ், வலி, எரிச்சல், தழும்பு.
* மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் முடி வளர்ந்து, தலையில் மட்டும் குறைஞ்சா. பி.சி.ஓ.எஸ் பரிசோதனை தேவைப்படலாம்.
* நான்கு வாரம் சரியாகப் பராமரித்தும் பொடுகு குறையலைன்னா, ஆறு மாசம் தாண்டியும் முடி உதிர்வு நிற்கலைன்னா.
* இருபதுகளிலேயே நெற்றி ஓரமும் உச்சியும் மெலிந்தால். இது பரம்பரை வழுக்கை. மினாக்சிடில் போன்ற மருந்துகள், முடி இருக்கும்போதே ஆரம்பித்தால்தான் நல்ல பலன் தரும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். டாக்டர் ஆலோசனையோடு ஆரம்பிங்க. இரண்டு வருஷம் தைலம் மாத்தி மாத்திப் பார்த்துட்டுப் போனா, காப்பாத்த வேண்டிய முடி பாதி போயிருக்கும்.

எங்கே போறது?

வடசென்னைக்காரங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கு. அங்கே தோல் நோய்ப் பிரிவு உண்டு. ஆயுர்வேதம், சித்தா பக்கம் போக விரும்பினா, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கு. தாம்பரம் சானடோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. பீச் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறினால் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கிக்கலாம். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கு. பட்டம் பெற்ற மருத்துவரிடம், செலவில்லாமல் ஆலோசனை கேட்கலாம். இரண்டு மருத்துவமும் எடுத்தா, ஒருத்தர் தரும் மருந்தை இன்னொருத்தர்கிட்ட மறைக்காதீங்க.

12 வார பிளான்... ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க!

முதல் வாரம்: நல்ல வெளிச்சத்தில் வகிடு, நெற்றி, உச்சி மூன்றையும் போட்டோ எடுங்க. முடி கொட்டுதா, உடையுதா, செதில் எந்த வகைன்னு பாருங்க. தேவைன்னா ரத்தப் பரிசோதனை.

1 - 4 வாரம்: பிசுபிசுப்பான பொடுகுன்னா, எண்ணெய்க்கு லீவு. வாரம் இரண்டு முறை பொடுகு ஷாம்பு. சீப்பு, தலையணை உறை, ஹெல்மெட் துணி எல்லாத்தையும் துவைங்க. உங்க சீப்பு உங்களுக்கு மட்டும்.

5 - 8 வாரம்: வாரம் ஒருமுறை அரை மணி நேர எண்ணெய்க் குளியல், சீயக்காய் அல்லது அரப்பு. பொடுகு ஷாம்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

9 - 12 வாரம்: அதே இடம், அதே வெளிச்சத்தில் திரும்ப போட்டோ. முதல் போட்டோவோடு ஒப்பிடுங்க. மாற்றம் இருந்தால் அப்படியே தொடருங்க. இல்லைன்னா இன்னொரு பாட்டில் வாங்காம, அந்த இரண்டு போட்டோவையும் எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. அவர் முதல்ல கேட்கப்போறதே "எப்போதிலிருந்து இப்படி?"ன்னுதான். பதில் உங்க போன்லயே தேதியோட இருக்கும்!